சென்னை – பெங்களூரு: வானத்தில் நாற்பது நிமிடம், வாசலிலிருந்து வாசலுக்கு ஐந்து மணி நேரம்

ஞாயிறு, புறப்படுவதற்கு முந்தைய மாலை

சென்னையிலிருந்து பெங்களூரு எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு நான்கு விடைகள் உண்டு. நான்கும் சரியானவை. சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்திலிருந்து பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 270 கி.மீ., விமானிகள் கணக்கில் 145 கடல் மைல். சென்ட்ரலிலிருந்து பெங்களூரு நகர ரயில் நிலையத்துக்கு இருப்புப்பாதை 362 கி.மீ. வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகக் காரில் போனால் சுமார் 350. சித்தூர், முல்பாகல், கோலார் வழி அதைவிடக் கொஞ்சம் குறைவு.

புதிய விரைவுச்சாலைக்கு 262 கி.மீ. என்று சொல்லப்படுகிறதே என்று கேட்கலாம். அது ஹொஸ்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடைப்பட்ட அளவு. இரண்டுமே ஊருக்கு வெளியே இருப்பவை. நகரத்துக்குள் போய்ச் சேர வேண்டிய தூரத்தை இரு முனைகளிலும் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

விமான டிக்கெட்டில் 1 மணி 5 நிமிடம் என்றோ 1 மணி 10 நிமிடம் என்றோ போட்டிருக்கும். அது சென்னையில் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் நொடியிலிருந்து பெங்களூருவில் நிறுத்துமிடத்தில் நிற்கும் நொடி வரையிலான நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கியபின் முனையத்துக்கு வருவது எல்லாம் அதற்குள் அடங்கும். சக்கரம் தரையில் படாமல் இருக்கும் நேரம் 35 முதல் 45 நிமிடம்தான்.

இந்தப் பதிவுகளில் போகும்போது விமானம், வரும்போது ரயில். சாலையைப் பற்றிக் கடைசியாக எழுதுகிறேன். டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் அந்த ஒரு மணி நேரத்தை வைத்து மட்டும் முடிவெடுக்கிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். இறங்கிய பிறகு பெங்களூருவில் எந்தப் பேட்டைக்குப் போக வேண்டும் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

திங்கள், மீனம்பாக்கம்

காலை 6 மணி விமானத்துக்கு மெட்ரோவை நம்ப முடியாது. முதல் மெட்ரோ 5 மணியளவில்தான் கிளம்புகிறது. பெரும்பாலான நிறுவனங்கள் உள்நாட்டுப் பயணத்துக்குப் பெட்டி வாங்கும் கவுன்டரை 60 நிமிடம் முன்னதாகவும், ஏறும் வாயிலை 25 நிமிடம் முன்னதாகவும் மூடிவிடுகின்றன. ஆகவே ஆறு மணி விமானத்துக்கு டாக்ஸிதான். எட்டு மணிக்கு மேற்பட்ட விமானமென்றால் நீல வழித்தட மெட்ரோ மிக நல்லது. சென்ட்ரலிலிருந்து விமான நிலையத்துக்கு நேராக, நாற்பது நிமிடத்துக்குள் வந்துவிடலாம், ஜி.எஸ்.டி. சாலை நெரிசல் தொல்லை இல்லை.

உள்நாட்டு விமானங்கள் டி1, டி4 என இரண்டு முனையங்களிலிருந்து கிளம்புகின்றன. நடுவில் இருப்பது பன்னாட்டு முனையமான டி2. தவறான முனையத்தில் இறங்கினால் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் போய்விடும். டாக்ஸியில் ஏறும்போதே போர்டிங் பாஸைப் பார்த்து ஓட்டுநரிடம் முனையத்தைச் சொல்லிவிடுங்கள்.

இந்தத் தடத்துக்குக் கைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். 7 கிலோவுக்குள் ஒரே பை, நீளம் அகலம் உயரம் மூன்றையும் கூட்டினால் 115 செ.மீ.க்கு மிகாமல். பெட்டியைக் கவுன்டரில் போட்டால் சென்னையில் வரிசைக்கு 15 நிமிடம், பெங்களூருவில் பெல்ட் அருகே நிற்க 15 முதல் 25 நிமிடம். நாற்பது நிமிடம் பறப்பதற்கு அதே அளவு நேரத்தைப் பெட்டிக்கும் கொடுக்கிறோம். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பதிவு செய்யும் பெட்டியில் அதற்கு அனுமதி இல்லை. முகத்தைக் காட்டியே உள்ளே நுழைய உதவும் டிஜி யாத்ரா செயலியை வைத்திருப்பவர்கள் போர்டிங் பாஸை வீட்டிலேயே அதில் ஏற்றிவிடுவது நல்லது. வாசலில் நின்று ஏற்றப்போனால் சிக்னல் கிடைக்காமல் சாதாரண வரிசைக்கே போக நேரிடும்.

இனி பறக்கும் நேரம். ஒரே தடத்தில் ஒரு நாள் 35 நிமிடமும் இன்னொரு நாள் 45 நிமிடமும் ஆவதற்கு முதன்மைக் காரணம் ஓடுபாதையின் திசை. விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். சென்னையின் பெரிய ஓடுபாதை ஏறத்தாழக் கிழக்கு–மேற்காகக் கிடக்கிறது. பெங்களூருவில் இருக்கும் இரண்டு ஓடுபாதைகளும் கிழக்கு–மேற்குதான்.

மேலைக்காற்று வீசும் தென்மேற்குப் பருவக் காலத்தில் சென்னையிலிருந்து மேற்கு நோக்கிக் கிளம்பும் விமானம் திரும்ப வேண்டியதே இல்லை. பெங்களூருவிலும் கிழக்கிலிருந்து வந்து மேற்கு நோக்கி நேராக இறங்கிவிடும். வடகிழக்குப் பருவக் காலத்தில் எல்லாம் தலைகீழ். விமானம் கிண்டி, அடையாறு பக்கமாகக் கடலை நோக்கி ஏறி, பின்பு வளைந்து மேற்கே திரும்ப வேண்டும். அங்கே தேவனஹள்ளியைத் தாண்டி மேற்கே போய், மறுபடி வளைந்து கிழக்கு நோக்கி இறங்க வேண்டும். இரண்டு வளைவும் சேர்ந்து எட்டுப் பத்து நிமிடத்தைத் தின்றுவிடும். திரும்பி வரும் பயணத்துக்கு இதே கணக்கு எதிராக வேலை செய்யும்: கீழைக்காற்று மாதங்களில் பெங்களூருவிலிருந்து சென்னைக்கு வருவது சுருக்கம்.

மேலே வீசும் காற்று நீண்ட பயணங்களில் பெரிய வேறுபாட்டைத் தரும். இங்கே அப்படி இல்லை. மணிக்கு 400 கடல் மைல் வேகத்தில் 145 கடல் மைலைக் கடக்க 22 நிமிடம். எதிர்க்காற்றால் வேகம் 380 ஆகக் குறைந்தால் 23 நிமிடம். ஒரே ஒரு நிமிட வித்தியாசம்.

அப்படியானால் 22 நிமிடத்தில் முடிய வேண்டியது ஏன் 40 ஆகிறது? 10,000 அடிக்குக் கீழே 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல்) வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. 24,000 அடி உயரத்துக்கு ஏறவே அறுபது எழுபது கடல் மைல் ஆகிவிடும். இறங்குவதற்கு விமானிகள் வைத்திருக்கும் மனக்கணக்கு ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல். தேவனஹள்ளி ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருப்பதால் இறங்க வேண்டியது 21,000 அடி. அதற்கு 63 கடல் மைல். ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து பாதை முழுவதையும் எடுத்துக்கொள்கின்றன. சமதளமாகப் பறப்பது சில நிமிடங்களே. பணிப்பெண்கள் தண்ணீர் கொடுத்துக் குப்பையை வாங்குவதற்குள் பெல்ட் போடச் சொல்லும் விளக்கு மறுபடி எரிவது இதனால்தான். எழுந்து போகும் தேவை இருந்தால் ஏறுவதற்கு முன்பே முனையத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

ஏடிஆர் 72 என்ற சிறிய சுழலி விமானம் அமைந்தால் வருத்தப்பட வேண்டாம். அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ.தான். ஆனாலும் இவ்வளவு குறுகிய தூரத்தில் ஜெட் விமானத்தைவிடப் பத்து நிமிடம் போலத்தான் கூட ஆகும். கவனிக்க வேண்டியது வேறு: தலைக்கு மேலுள்ள அறை சிறியது. சக்கரம் வைத்த கைப்பெட்டி அதில் நுழையாமல், ஏறும் இடத்திலேயே வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். மடிக்கணினியை முன்கூட்டியே தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவதும் இறங்குவதும் பின்கதவு வழியாக என்பதால் பின்வரிசை இருக்கைதான் முதலில் வெளியே வரும்.

சன்னல் இருக்கை கேட்பவர்கள் போகும்போது இடப்பக்கம் வாங்கலாம். வானம் தெளிவாக இருந்தால் பாலாற்றின் அகன்ற மணற்படுகை, அதற்கப்பால் ஜவ்வாது மலைத்தொடர். நேர்கோட்டுப் பாதை வேலூருக்கும் சித்தூருக்கும் நடுவே புகுந்து முல்பாகல், கோலார் மேலாகப் போகிறது.

எந்த நாளில் தவிர்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை விடியற்காலையில் தேவனஹள்ளியில் மூடுபனி இறங்கும். மேட்டுநிலம், மழைக்குப் பின் ஈரமான மண், மேகமற்ற இரவு, அசையாத காற்று. நான்கும் கூடினால் காலை எட்டு மணி வரைகூட விலகாது. அங்கே இறங்க முடியாத விமானங்கள் பலவும் சென்னைக்குத்தான் திருப்பிவிடப்படுகின்றன. ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்குப் போய்வருவதால் காலையில் விழுந்த தாமதம் மாலை வரை தொடரும். பனிக்காலத்தில் காலை 9 மணிக்கு மேல் கிளம்பும் விமானமே பாதுகாப்பான தேர்வு.

சென்னைப் பக்கத்தில் போகிப் பண்டிகைக் காலையைத் தவிர்த்துவிடுங்கள். எரிக்கும் புகையும் மார்கழிப் பனியும் கலந்து ஓடுபாதை தெரியாமல் போய், விமானங்கள் தாமதமாவதும் ரத்தாவதும் பல ஆண்டுகளில் நடந்திருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் விமானத்தை நம்பி இருக்க வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல நாள்களும், 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலின்போதும் மீனம்பாக்கம் மூடப்பட்டது.

செவ்வாய், தேவனஹள்ளியிலிருந்து ஊருக்குள்

2008 மே மாதம் வரை விமானங்கள் ஊருக்குள்ளேயே இருந்த ஹெச்.ஏ.எல். நிலையத்தில் இறங்கின. தேவனஹள்ளிக்கு மாறிய பிறகுதான் இந்தத் தடத்தின் மொத்த நேரக் கணக்கே மாறிப்போனது. புதிய நிலையம், நகர ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் இருக்கும் நடுப்பகுதியான மெஜஸ்டிக்கிலிருந்து ஏறக்குறைய 35 கி.மீ. வடக்கே இருக்கிறது.

வடபெங்களூருவுக்குப் போகிறவர்களுக்கு இது வரம். எலஹங்கா, ஹெப்பாள், மான்யதா டெக் பார்க் பக்கம் அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் போய்விடலாம். மெஜஸ்டிக், மல்லேஸ்வரம் என்றால் ஒன்றேகால் மணி. எலக்ட்ரானிக் சிட்டி நகரத்தின் எதிர்க்கோடி, 50 கி.மீ.க்கு மேல் தூரம், இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். மாலையில் ஹெப்பாள் மேம்பாலம் நெருங்கும்போது இந்தக் கணக்கெல்லாம் அரை மணி நேரம் கூடும்.

மெட்ரோ இன்னும் விமான நிலையத்தை எட்டவில்லை. வாயு வஜ்ரா என்ற பி.எம்.டி.சி. (பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகம்) குளிர்சாதனப் பேருந்துகள் முனையத்து வாசலிலிருந்தே கிளம்புகின்றன. மெஜஸ்டிக்குக் கே.ஐ.ஏ. 9, எலக்ட்ரானிக் சிட்டிக்குக் கே.ஐ.ஏ. 8. தனியாகப் பயணம் செய்பவருக்கு டாக்ஸியைவிட இதுதான் நல்லது. கட்டணம் பல மடங்கு குறைவு, நெரிசலில் இரண்டும் ஒரே வேகத்தில்தான் ஊர்கின்றன. விமான நிலையத்துக்கென்று ஒரு ரயில் நிறுத்தமும் இருக்கிறது. வண்டிகள் மிகச் சில என்பதால் நேரம் பொருந்தினால் மட்டும் பயன்படும்.

திரும்பும்போது முனைய விஷயத்தில் இங்கும் அதே கவனம் தேவை. டி1, டி2 என்று இரண்டு. உள்நாட்டு விமானங்கள் இரண்டிலும் உண்டு. நடுவே இலவசப் பேருந்து ஓடுகிறது என்றாலும் அதற்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்க வேண்டும்.

அண்ணா நகரில் ஒரு வீட்டிலிருந்து கிளம்புவதாக வைத்துக் கூட்டிப் பார்ப்போம். விமானத்துக்கு: வீட்டிலிருந்து நிலையம் 45 நிமிடம், முன்கூட்டியே வந்து நிற்பது 75, டிக்கெட்டில் போட்டிருப்பது 65, இறங்கி வெளியே வர 25. இதுவே மூன்றரை மணி நேரம். இதோடு ஹெப்பாளுக்கு 40 நிமிடம் சேர்த்தால் 4 மணி 10 நிமிடம். மெஜஸ்டிக்குக்கு 75 சேர்த்தால் 4 மணி 45. எலக்ட்ரானிக் சிட்டிக்கு 120 சேர்த்தால் ஐந்தரை மணி.

வந்தே பாரத் ரயிலுக்கு: சென்ட்ரலுக்கு 30 நிமிடம், காத்திருப்பு 20, ஓட்டம் 4 மணி 25 நிமிடம் அளவில். நிலையத்திலிருந்து மெஜஸ்டிக் சுற்றுவட்டாரத்துக்கு 20 நிமிடம் சேர்த்தால் மொத்தம் 5 மணி 35. ஆக, நகரின் நடுப்பகுதிக்குப் போகிறவருக்கு விமானம் மிச்சப்படுத்தித் தருவது ஐம்பது நிமிடம். அதற்காக இரண்டு பாதுகாப்பு வரிசை, மூன்று வாகன மாற்றம், பனி, மழை எல்லாவற்றையும் ஏற்க வேண்டும். ரயிலிலோ நாலரை மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், தூங்கலாம். நடுப்பகுதிக்கும் கிழக்குப் பகுதிக்கும் ரயில், வடக்குக்கு விமானம் என்பதே எங்கள் தீர்மானமான கருத்து.

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டைக்காரர்களுக்கு மட்டும் தராசு விமானத்தின் பக்கம் சாயும். நிலையம் வீட்டுக்கு அருகிலேயே, சென்ட்ரலோ தொலைவில்.

புதன், ரயிலில் திரும்புதல்

பெங்களூருவிலிருந்து காலையில் சதாப்தியும் லால்பாக்கும், பிற்பகலில் வந்தே பாரத்தும் பிருந்தாவனும் சென்னைக்குக் கிளம்புகின்றன. 2022 நவம்பர் 11 அன்று தொடங்கிய சென்னை – மைசூரு வந்தே பாரத் தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத். சதாப்தி ஐந்து மணி நேரம், லால்பாக்கும் 1964-இல் தொடங்கிய பிருந்தாவனும் ஆறு மணி நேரம் அளவில். வந்தே பாரத்தும் சதாப்தியும் வாரத்தில் எல்லா நாளும் ஓடுவதில்லை; பதிவு செய்யும்போது நாளைச் சரிபாருங்கள்.

எங்கே ஏறுவது என்பதில்தான் பலரும் நேரத்தை வீணாக்குகிறார்கள். ஒயிட்ஃபீல்டு, மாரத்தஹள்ளிப் பக்கம் தங்கியிருப்பவர் மெஜஸ்டிக் வரை போக வேண்டியதில்லை. லால்பாக், பிருந்தாவன் இரண்டும் கிருஷ்ணராஜபுரத்தில் நிற்கின்றன. ஊதா வழித்தட மெட்ரோ நிலையம் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. நெரிசல் நேரத்தில் மெஜஸ்டிக் போய் ஏறுவதற்கு ஆகும் ஒரு மணி நேரம் மிச்சம். வேகமான ரயிலைப் பிடிப்பதற்காக அந்த ஒரு மணியைச் செலவழித்தால் வேகத்தால் கிடைத்த பயன் போய்விடும். டிக்கெட்டில் ஏறும் நிலையம் என்று எதைப் போட்டிருக்கிறதோ அங்கேயே ஏறுங்கள். வேறு நிலையத்தில் ஏற வேண்டுமானால் ரயில்வே தளத்தில் முன்கூட்டி மாற்றிக்கொள்ளலாம். மாற்றாமல் விட்டால் இருக்கை வேறொருவருக்குப் போகலாம்.

பாதையின் அமைப்பை அறிந்தால் நேரமும் புரியும். பெங்களூரு 900 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. பங்காரப்பேட்டை தாண்டி, குப்பத்திலிருந்து ஜோலார்பேட்டை வரை பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது. வளைவுகளில் வேகத்தைக் கூட்ட முடியாது. எதிர்த்திசையில் சரக்கு ரயில்கள் இந்த ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ள இன்னோர் எஞ்சின் வைத்துக்கொண்டு ஏறும். ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வரையிலான 214 கி.மீ. சமவெளி, மணிக்கு 130 கி.மீ. வரை போக அனுமதியுள்ள பாதை. பெங்களூருவில் பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பிய ரயில் காட்பாடிக்குச் சரியான நேரத்தில் வந்துவிடுவது இதனால்தான். ஈட்டிய நேரத்தைச் சென்ட்ரலுக்கு வெளியே பேசின் பிரிட்ஜில் இழப்பதும் உண்டு. நடைமேடை காலியாகும் வரை சிக்னலில் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்திவைப்பார்கள். வடசென்னைக்காரர்கள் பெரம்பூரில் நிற்கும் வண்டியைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் காத்திருப்பே இல்லை.

சென்னை நோக்கி வரும்போது வலப்பக்கச் சன்னல். ஜோலார்பேட்டை தாண்டியதும் ஏலகிரி மலை வெகு அருகில் வரும். வாணியம்பாடி, ஆம்பூர் வரை மலைகள் கூடவே வரும். ஜோலார்பேட்டைக்கும் பெங்களூரு கன்டோன்மென்டுக்கும் இடையே 1864-இல் போட்ட பாதை இது. இன்றும் அதே தடம்தான்.

இரவு மெயிலில் வருகிறவர்களுக்கு ஒரு சொல்: விடியும் முன்பே சென்ட்ரலுக்கு வந்துவிடும். முதல் மெட்ரோவுக்குக் காத்திருப்பதைவிட, சுரங்கப்பாதை வழியாக எதிரே பார்க் நிலையத்துக்குப் போனால் தாம்பரம் பக்கம் போகும் மின்சார ரயில் அதற்கு முன்பே கிடைக்கும்.

வியாழன், சாலையில் போகிறவர்களுக்கு

ஓசூருக்கோ எலக்ட்ரானிக் சிட்டிக்கோ போக வேண்டியவர், அதிலும் மூன்று நான்கு பேராகப் போகிறவர், விமானத்தைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. அண்ணா நகரிலிருந்து ஓசூருக்குக் காரில் ஐந்து மணி, ஐந்தரை மணி. விமானத்தில் போய் தேவனஹள்ளியிலிருந்து பெங்களூரு முழுவதையும் கடந்து ஓசூர் வருவதற்கு ஆறரை மணி ஆகும்.

பெங்களூருவிலிருந்து கிருஷ்ணகிரி சுமார் 90 கி.மீ., அங்கிருந்து வேலூர் 120, வேலூரிலிருந்து சென்னை 140. நேரம் போவது இரு முனைகளில். ஸ்ரீபெரும்புதூர் – பூந்தமல்லிப் பகுதியை மாலை 5 முதல் 9 வரை தொடாதீர்கள்; தொழிற்சாலைப் பேருந்துகளும் கன்டெய்னர் லாரிகளும் ஒன்றுசேரும் நேரம். மறுமுனையில் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியும் பொம்மசந்திராவும். காலை 6 மணிக்கு முன் சென்னையை விட்டால் பதினொன்றரைக்குள் எலக்ட்ரானிக் சிட்டி. அங்கிருந்து ஊருக்குள் போக, ஏறக்குறைய 10 கி.மீ. நீளமுள்ள கட்டண மேம்பாலம் நெரிசல் மிகுந்த சில்க் போர்டு சந்திப்பு அருகே இறக்கிவிடும். அந்தச் சந்திப்பில் நிற்க மனமில்லாதவர்கள் வண்டியைப் பொம்மசந்திராவில் விட்டுவிட்டு மஞ்சள் வழித்தட மெட்ரோவில் ஏறலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் தடம் ஆர்.வி. ரோடு வரை போய்ப் பச்சை வழித்தடத்தோடு சேர்கிறது. பேருந்தில் வருகிறவர்களுக்கும் இதே யோசனைதான். மெஜஸ்டிக் வரை பேருந்திலேயே போவதைவிட வேகம்.

ஒயிட்ஃபீல்டுக்குப் போகிறவர்களுக்கு ஓசூர் வழி சுற்று. ராணிப்பேட்டையில் பிரிந்து சித்தூர், முல்பாகல், கோலார் வழியாகப் பழைய மெட்ராஸ் ரோட்டில் நேராக கிருஷ்ணராஜபுரம் பக்கம் வந்துவிடலாம். சித்தூருக்கும் முல்பாகலுக்கும் நடுவே மலைப்பாங்கான வளைவுகள். இரவில் புதியவர்கள் ஓட்ட வேண்டாம். கர்நாடகத்தில் ஹொஸ்கோட்டை முதல் பேத்தமங்கலம் வரை விரைவுச்சாலையின் ஏறக்குறைய 70 கி.மீ. திறந்திருக்கிறது. இருசக்கர வாகனங்களுக்கு அதில் இடமில்லை.

ஆம்பூரில் நிறுத்திச் சாப்பிடுவதென்றால் நாற்பத்தைந்து நிமிடம் ஒதுக்குங்கள். பகல் ஒரு மணிக்குப் பிறகு பிரியாணிக் கடை வாசலில் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது. பன்னிரண்டுக்கு முன் போய்விடுவது நல்லது.

ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி அத்திப்பள்ளி வரை ஆறு ஏழு சுங்கச்சாவடிகள். மாதம் ஒரு முறையாவது போய்வரும் சொந்தக் கார்காரர்கள், 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்குத் தொடங்கிய ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸை வாங்கிவிடலாம். ஓராண்டு அல்லது 200 சாவடிகள், எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். வாடகை வண்டிக்கு இது பொருந்தாது; தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் மட்டுமே எடுக்கும் என்பதால் ஃபாஸ்டேக்கில் எப்போதும் கொஞ்சம் பணமும் இருக்க வேண்டும்.